குடும்பத்தில் யாருக்கும் இல்லையே, அப்புறம் எப்படி மரபணு நோய்? குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோயும் மூன்று கேள்விகளும்

ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும், மருத்துவர் ‘ஜெனெட்டிக் டெஸ்ட் எடுக்கணும்’ என்பார். உடனே அப்பா வழியிலும் அம்மா வழியிலும் யாருக்கு என்ன நோய் இருந்தது என்று குடும்பமே தேடத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. இந்தப் புற்றுநோய் வந்த 100 குழந்தைகளில், உறவினர் இன்னொருவருக்கும் அதே நோய் இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் ஒருவரோ இருவரோதான்.

ஆனால் அதே குழந்தைகளின் ரத்தத்தையும் கட்டியையும் முழுமையாகச் சோதித்த ஆய்வுகள், மூன்றில் ஒரு பங்கு வரை பிறக்கும்போதே புற்றுநோய்க்கு வழிவிடும் ஒரு மாற்றம் உடலில் இருந்தது என்கின்றன. 100-க்கு ஒன்றிரண்டு எங்கே, மூன்றில் ஒன்று எங்கே? இந்த இடைவெளி எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால், மரபணு அறிக்கையில் உள்ள பெரும்பாலான வரிகளும் புரிந்துவிடும்.

முதலில், எந்தப் புற்றுநோய்?

குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் 10-ல் 9 வில்ம்ஸ் கட்டிதான். 1899-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய ஜெர்மன் அறுவை மருத்துவர் மாக்ஸ் வில்ம்ஸின் பெயர் இது. நெஃப்ரோபிளாஸ்டோமா என்பது இதே கட்டியின் இன்னொரு பெயர். ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், வரும். நல்ல சிகிச்சை வசதி உள்ள இடங்களில் 100-ல் 90 குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள்.

பெரியவர்களின் சிறுநீரகப் புற்றுநோயோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. அங்கே, முழுதாக வளர்ந்து பல வருடம் உழைத்த செல் கெட்டுப்போகிறது. இங்கே, வளர்ச்சி முடியாமலேயே நின்றுபோன செல் பெருகுகிறது.

கருவில் சிறுநீரகம் உருவாகும்போது, எதுவாக வேண்டும் என்று இன்னும் முடிவாகாத முதல்நிலைச் செல்கள் கூட்டமாக இருக்கும். அவை படிப்படியாக வடிகட்டிகளாகவும் நுண்குழாய்களாகவும் மாறும். பிரசவத்துக்குச் சில வாரங்கள் முன்பே இந்த வேலை முடிந்துவிடும். அதன்பிறகு புது வடிகட்டி உருவாகாது, முதல்நிலைச் செல்லும் மிச்சம் இருக்கக் கூடாது. சில குழந்தைகளிடம் மட்டும் அங்கங்கே சிறு திட்டுகளாக அவை தங்கிவிடுகின்றன. இவற்றுக்கு நெஃப்ரோஜெனிக் ரெஸ்ட் என்று பெயர். நாம் எச்சத்திட்டு என்று வைத்துக்கொள்வோம். 100 சிசுக்களில் ஒருவரிடம் இவை இருக்கலாம், பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி வந்த குழந்தைகளிடமோ கிட்டத்தட்ட எப்போதும் இவை காணப்படுகின்றன.

கட்டியின் மெல்லிய சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் இந்தக் கதை அப்படியே தெரியும். நெருக்கமாக அடைந்து கிடக்கும் நீலநிற உருண்டைச் செல்கள் ஒரு பக்கம். பாதியில் விட்ட குழாய்களும் வடிகட்டியின் கோணல்மாணலான நகல்களும் இன்னொரு பக்கம். சில கட்டிகளில் தசைநார்கூட வளர்ந்திருக்கும். சிறுநீரகம் கட்டும் வேலையைத் தொடங்கி, அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் திணறிய திசு அது.

ஆகவே, இந்த நோயில் பிழையாகும் மரபணுக்கள் பெரும்பாலும் சிறுநீரகத்தை உருவாக்கும் வேலையில் இருப்பவைதான். அதனால்தான் கட்டியோடு சேர்ந்து கண்ணிலோ பிறப்புறுப்பிலோ உடல் வளர்ச்சியிலோ வேறு அடையாளங்களும் தென்படுகின்றன.

இரண்டு அடிக் கணக்கு

நம் ஒவ்வொரு செல்லிலும் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. புற்றுநோயைத் தடுக்கும் மரபணு ஒன்றில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் பழுதானால்தான் அந்தச் செல் கட்டுப்பாட்டை இழக்கும். அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா புற்றுநோய் வந்த 48 குழந்தைகளின் வயதுக் கணக்கை வைத்தே 1971-இல் இந்த முடிவுக்கு வந்தார். மரபணுவை நேரில் பார்க்கும் வசதி அப்போது கிடையாது. அடுத்த வருடமே லூயிஸ் ஸ்ட்ராங்குடன் சேர்ந்து இதே கணக்கை வில்ம்ஸ் கட்டிக்கும் போட்டுப் பார்த்தார்.

1. முதல் அடி பிறவியிலேயே விழுந்திருந்தால், உடலின் எல்லாச் செல்லிலும் ஒரு பிரதி ஏற்கெனவே பழுது. லட்சக்கணக்கான சிறுநீரகச் செல்களில் ஏதாவது ஒன்றில் இரண்டாவது அடி விழுந்தால் போதும். கட்டி சீக்கிரம் வரும், இரண்டு பக்கமும் வரலாம், ஒரே சிறுநீரகத்தில் பல இடங்களிலும் வரலாம்.

2. பிறவியில் பழுது எதுவும் இல்லையென்றால், ஒரே செல்லில் இரண்டு அடியும் தற்செயலாக விழ வேண்டும். அது அரிது. கட்டி ஒன்றுதான் இருக்கும், சற்றுத் தாமதமாக வரும்.

குழந்தைக்கு வந்து சேர்வது முதல் அடி மட்டும்தான், புற்றுநோய் இல்லை. இரண்டாவது அடி விழாமலேயே ஒருவர் முழு வாழ்க்கையும் வாழ்ந்துவிடலாம். அப்படி வாழ்ந்தவர் அப்பாவாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். குடும்பத்தில் தேடினால் யாரும் அகப்படாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம்தான் முக்கியம். முதல் அடி பெற்றோரிடம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு சினைமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்த பிழையாக இருக்கலாம். அப்போது குழந்தையின் உடல் முழுக்க அது இருக்கும், பெற்றோரின் ரத்தத்தில் இருக்காது. ‘பிறவியிலேயே உள்ளது’ என்பதும் ‘பரம்பரையாக வந்தது’ என்பதும் வேறு வேறு. இரண்டையும் ‘ஜெனெட்டிக்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

கண்ணிலிருந்து கிடைத்த துப்பு

வில்ம்ஸ் கட்டியின் முதல் மரபணு சிறுநீரகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. கண்ணில் கருமணியைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸ் இல்லாமல் பிறக்கும் குறைக்கு அனிரிடியா என்று பெயர், மிக அரிதான குறை. வில்ம்ஸ் கட்டி வந்த குழந்தைகளிடையே இது எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருப்பதை 1964-இல் ராபர்ட் மில்லரும் அவரது குழுவினரும் எழுதினார்கள். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவ்வளவுதான். 11-ஆவது குரோமோசோமின் குறுங்கையில் 11பி13 என்ற இடத்தில், கண்ணை உருவாக்கும் பாக்ஸ்6 மரபணுவும் சிறுநீரகத்தை உருவாக்கும் டபிள்யூடி1 மரபணுவும் அருகருகே உள்ளன. அந்த இடத்தில் குரோமோசோமின் ஒரு துண்டே விட்டுப்போனால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அந்தத் துண்டைத் துழாவித்தான் 1990-இல் டபிள்யூடி1 பிரித்தெடுக்கப்பட்டது.

இதற்கு இன்றும் நேரடியான பயன் இருக்கிறது. அனிரிடியாவோடு பிறந்த ஒரு சிசுவைச் சோதிக்கும்போது உண்மையில் கேட்கப்படும் கேள்வி, ‘விட்டுப்போன துண்டு டபிள்யூடி1 வரை நீள்கிறதா?’ என்பதுதான். பாக்ஸ்6-இல் மட்டும் பழுது என்றால் சிறுநீரகத்துக்கு ஆபத்து இல்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்து அலையவும் வேண்டாம். துண்டு டபிள்யூடி1-ஐயும் தாண்டியிருந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குக் கட்டி வரும்.

டபிள்யூடி1-இல் பழுது எந்த வகை என்பதைப் பொறுத்து நோயின் உருவமே மாறுகிறது:

1. மரபணுவின் ஒரு பிரதி முழுதாக விட்டுப்போனால்: வாகர் கூட்டறிகுறி (சிண்ட்ரோம், அதாவது சேர்ந்தே வரும் அறிகுறிகளின் தொகுப்பு). வில்ம்ஸ் கட்டி, அனிரிடியா, பிறப்புறுப்பு–சிறுநீர்ப்பாதைக் குறைகள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கின் ஆங்கில முதல் எழுத்துகள் சேர்ந்த பெயர்.

2. மரபணுவின் டிஎன்ஏ-வில் ஓர் எழுத்து மட்டும் மாறினால்: டெனிஸ்–டிராஷ் கூட்டறிகுறி. டபிள்யூடி1 புரதம் டிஎன்ஏ-வைப் பிடித்துக்கொள்ளும் விரல் போன்ற பகுதியில் இந்த மாற்றம் விழும். அதிகம் காணப்படுவதில், பழைய எண்ணிக்கைப்படி 394-ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டிரிப்டோபேன் என்ற வேறொன்று வந்து உட்காரும். இந்தக் குழந்தைகளுக்குச் சிறுநீரில் புரதம் கசிவது சிறு வயதிலேயே தொடங்கும், சிறுநீரகம் செயலிழக்கும், கட்டிக்கான ஆபத்தும் மிக அதிகம். எக்ஸ்ஒய் குரோமோசோம் (வழக்கமாக ஆண்களுக்கு உரியது) உள்ள குழந்தைகளின் பிறப்புறுப்பு பெண்ணுடையது போலவோ தெளிவின்றியோ இருக்கலாம்.

3. புரதம் உருவாகும் முன் மரபணுவின் செய்தியை வெட்டி ஒட்டும் இடத்தில் பிழை என்றால்: ஃப்ரேஷர் கூட்டறிகுறி. புரதத்தின் இரண்டு வடிவங்களுக்கு இடையே உள்ள விகிதம் மட்டும் குலைகிறது. சிறுநீரகம் மெதுவாகப் பழுதாகும். வில்ம்ஸ் கட்டி அரிது, எக்ஸ்ஒய் உள்ளவர்களிடம் பாலுறுப்புச் சுரப்பியில் வரும் கட்டிதான் பெரிய கவலை.

முதலும் இரண்டாவதும் வாசகரை இடற வைக்கும். மரபணுவே இல்லாமல் போவதைவிட ஓர் எழுத்து மாறுவது எப்படி மோசமாகும்? ஒரு பிரதி இல்லையென்றால் மற்ற பிரதியிலிருந்து புரதம் பாதி அளவு உருவாகும், ஆனால் உருவாவது நல்ல புரதம். எழுத்து மாறினால் கெட்ட புரதமும் உருவாகி, நல்ல புரதத்தோடு பிணைந்து அதன் வேலையையும் கெடுக்கும். ஆள் வராமல் இருப்பது ஒரு தொல்லை. வந்து மற்றவரையும் வேலை செய்ய விடாமல் இருப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

எழுத்து மாறாத பிழை

நட்சனின் கணக்கு ரெட்டினோபிளாஸ்டோமாவுக்குப் பொருந்திய அளவு அழகாக வில்ம்ஸ் கட்டிக்குப் பொருந்தவில்லை. பெரும்பாலான வில்ம்ஸ் கட்டிகளில் டபிள்யூடி1 நன்றாகவே இருக்கிறது. கதை ஒரே மரபணுவோடு முடியவில்லை.

அடுத்த முக்கிய இடமும் 11-ஆவது குரோமோசோமில்தான், சற்றுத் தள்ளி, 11பி15 பகுதியில். இங்கே ஒரு விசித்திரம். வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2 மரபணுவில் அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும், அம்மாவுடையது பூட்டியிருக்கும். பக்கத்திலுள்ள எச்19 மரபணுவில் இது தலைகீழ். யார் கொடுத்த பிரதி என்பதை டிஎன்ஏ மேல் ஒட்டிய வேதிக் குறி காட்டும். மெத்தில் குறி என்பார்கள். இந்த ஏற்பாட்டுக்கு இம்ப்ரிண்டிங் என்று பெயர், முத்திரை என்று சொல்லலாம்.

அம்மாவின் பிரதி தவறுதலாக அப்பாவின் முத்திரையைப் பெற்றுவிட்டாலோ, அம்மாவின் துண்டு போய் அந்த இடத்தில் அப்பாவுடையதே இரண்டாக வந்துவிட்டாலோ, ஐஜிஎஃப்2 இரட்டிப்பாக வேலை செய்யும். டிஎன்ஏ-வின் எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது. எழுத்துகளை மட்டும் வாசிக்கும் சோதனையில் ‘மாற்றம் இல்லை’ என்று வரும். மெத்திலேஷன் சோதனையைத் தனியாகக் கேட்டால்தான் இது பிடிபடும்.

இந்தப் பிழை உடலின் பெரும்பகுதியில் இருந்தால் பெக்வித்–வீடமான் கூட்டறிகுறி. பெரிய நாக்கு, தொப்புள் பகுதியில் வயிற்றுச் சுவர்க் குறை, உடலின் ஒரு பக்கம் மற்றதைவிடப் பெரிதாக இருப்பது ஆகியவை அடையாளங்கள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. எச்19 பக்கத்து முத்திரைப் பிழையில் வில்ம்ஸ் கட்டிக்கான வாய்ப்பு மிக அதிகம், அருகிலுள்ள இன்னொரு முத்திரை மையத்தில் நடக்கும் பிழையில் மிகக் குறைவு. ‘பெக்வித்–வீடமான்’ என்ற பெயர் மட்டும் கையில் இருந்தால் போதாது, எந்த வகை என்பது தெரிய வேண்டும்.

வெளியே எந்த அடையாளமும் இல்லாத குழந்தைகளின் நிலை என்ன? 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பார்வையையே மாற்றியது. வில்ம்ஸ் கட்டி வந்த குழந்தைகளின் சிறுநீரகத்தில் கட்டிக்கு வெளியே இருந்த, மைக்ரோஸ்கோப்பில் முற்றிலும் இயல்பாகத் தெரிந்த திசுவைச் சோதித்தபோது, பலரிடம் அந்தத் திசுவின் கணிசமான பகுதி ஒரே மூதாதைச் செல்லின் சந்ததியாக இருந்தது. அவற்றில் பலவற்றில் எச்19 முத்திரை பிழையாகியிருந்தது. முதல் அடி சினைமுட்டையில் விழவில்லை, கட்டியிலும் விழவில்லை. கரு வளர்ந்துகொண்டிருந்தபோது, சிறுநீரகத்தின் ஒரு பகுதியாக ஆகப்போகும் ஒரு செல்லில் விழுந்திருக்கிறது. இப்படி உடலின் ஒரு பகுதியில் மட்டும் மாற்றம் இருப்பதை மொசாயிக் என்பார்கள். பிறவியில் உள்ளதுதான், ஆனால் ரத்தத்தில் தெரியாமல் போகலாம். மூன்றில் ஒன்று என்ற கணக்கில் இந்த வகைக் குழந்தைகளும் அடக்கம்.

உண்மையிலேயே குடும்பத்தில் ஓடும் வகை

அந்த 100-க்கு ஒன்றிரண்டு குடும்பங்களில்தான் முதலில் விடை கிடைத்திருக்க வேண்டும் என்று தோன்றும். நடந்தது வேறு. இந்தக் குடும்பங்களில் பலவற்றில் டபிள்யூடி1 பழுதாகவே இல்லை. 17, 19-ஆவது குரோமோசோம்களில் எங்கோ ஏதோ இருக்கிறது என்று 1990-களிலேயே சுட்டிக்காட்டப்பட்டும், மரபணுக்களின் பெயர் தெரிய இன்னும் பல வருடம் ஆனது. 2014-இல் சிடிஆர்9, 2015-இல் ரெஸ்ட் (நெஃப்ரோஜெனிக் ரெஸ்ட் வேறு, இது ஒரு மரபணுவின் பெயர்), அதன்பின் 2018, 2019 வாக்கில் ட்ரிம்28.

ட்ரிம்28 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. கண்டுபிடிக்கப்பட்ட குடும்பங்களில் பிள்ளைகளுக்கு இது வந்தது பெரும்பாலும் அம்மாவிடமிருந்து. அம்மாவுக்குக் கட்டி வந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கட்டி பெரும்பாலும் எபிதீலியல் வகை, அதாவது குழாய் அமைப்பை நோக்கிக் கொஞ்சம் முன்னேறிய செல்கள் நிறைந்தது. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை. திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘எபிதீலியல்’ என்று இருந்து, குழந்தையும் மிகச் சிறியதாக இருந்தால், ட்ரிம்28-ஐக் கேட்டுச் சோதிப்பது நியாயமானது.

வேறு சில மரபணுக்களும் உண்டு: பெர்ல்மன் கூட்டறிகுறிக்கான டிஸ்3எல்2, பல உறுப்புகளில் கட்டிகளுக்கு வழிவிடும் டைசர்1, லி–ஃப்ராமெனி கூட்டறிகுறிக்கான டிபி53. வில்ம்ஸ் அல்லாத கட்டிகளில் ராப்டாய்டு கட்டியைக் குறிப்பிட வேண்டும். சிசுக்களுக்கு வரும், மிக மூர்க்கமானது. இதற்குக் காரணமான ஸ்மார்க்பி1 பழுது ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்குப் பிறவியிலேயே இருக்கிறது, மூளையிலும் கட்டி வரலாம் என்பதால் அங்கேயும் தேட வேண்டும்.

அறிக்கை கையில் வந்ததும் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. இது ரத்தத்தில் கண்டதா, கட்டியில் கண்டதா? கட்டியில் எப்போதும் பல மாற்றங்கள் இருக்கும். 1-ஆவது குரோமோசோமின் நீண்ட கை கூடுதலாக இருக்கிறது என்று ஒரு வரி இருக்கலாம். அது நோய் திரும்பும் வாய்ப்பையும் சிகிச்சையின் தீவிரத்தையும் பற்றிப் பேசுகிறது, தம்பி தங்கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பீட்டா–கெட்டெனின் மரபணு மாற்றமும் அப்படியே. டபிள்யூடி1 பிறவிப் பழுதுள்ள ஒரு குழந்தைக்கு இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி வந்தால், டபிள்யூடி1 மாற்றம் இரண்டிலும் ஒன்றாக இருக்கும், பீட்டா–கெட்டெனின் மாற்றம் மட்டும் வலது கட்டியில் ஒன்று, இடது கட்டியில் வேறொன்று என்று இருக்கும். வலதிலிருந்து இடதுக்கு நோய் பரவவில்லை, இரண்டும் தனித்தனியாக முளைத்தவை என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

2. பெற்றோரிடம் இருக்கிறதா? ஒருவரிடம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் அது போய்ச்சேர 50 விழுக்காடு வாய்ப்பு. இருவரிடமும் இல்லையென்றால் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் இல்லை. சினைப்பையிலோ விதைப்பையிலோ உள்ள சில செல்களில் மட்டும் மாற்றம் இருந்து, ரத்தத்தில் தெரியாமல் இருக்கலாம்.

3. இந்த மாற்றம் இருந்தால் எத்தனை பேருக்குக் கட்டி வருகிறது? இதற்கு மரபணுவின் பெயர் மட்டும் போதாது என்பதை மேலே டபிள்யூடி1-இலும் பெக்வித்–வீடமானிலும் பார்த்தோம். அறிக்கையில் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று இருந்தால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அது நோய்க்காரணம் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை என்பதே அதன் பொருள்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பிறவி மாற்றத்தைச் சரிசெய்யும் மருந்து இல்லை. ஆனாலும் தெரிந்துகொள்வதால் சிகிச்சையே மாறுகிறது.

ஒரு பக்கம் மட்டும் கட்டி என்றால் அந்தச் சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிடுவது வழக்கம். மற்றது நன்றாக இருந்தால் குழந்தைக்கு அது போதும். பிறவி மாற்றம் இருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும். மிச்சமிருக்கும் சிறுநீரகத்திலும் பிறகு கட்டி வரலாம், டபிள்யூடி1 பழுது என்றால் அது கட்டியே இல்லாமலும் செயலிழக்கலாம். அதனால் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதை மட்டும் வெட்டி எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஐரோப்பிய நெறிமுறையில் பெரும்பாலான குழந்தைகளுக்கும் கீமோதான் முதலில். வட அமெரிக்க முறையில் வழக்கமாக அறுவை முதலில் வரும், ஆனால் பிறவி மாற்றம் உள்ள குழந்தைகளுக்கு அங்கேயும் வரிசை மாறுகிறது. சோதனை முடிவு அறுவைக்கு முன்பே தெரிந்தால் இவ்வளவு வித்தியாசம்.

கட்டி இன்னும் வராத, ஆனால் ஆபத்து உள்ள குழந்தைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட், பொதுவாக 7 வயது வரை. ஏன் ஆறு மாதம் என்று வைக்கக் கூடாது? கட்டி வேகமாக வளர்வதுதான் காரணம். ஆறு மாத இடைவெளியில் ஒன்றுமே இல்லாத இடத்தில் பெரிய கட்டியே வந்து நிற்கலாம். 7 வயது என்பதற்கும் காரணம் உண்டு. முதல்நிலைச் செல்கள் அதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும், அந்த வயதுக்கு மேல் கட்டி வருவது அரிது.

குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிம்மதிதான், அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மாற்றம் எது என்று தெரிந்துவிட்டால், தம்பி தங்கைக்கு ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். அவர்களிடம் அது இல்லையென்றால் மற்றக் குழந்தைகளுக்கு உள்ள ஆபத்துதான் அவர்களுக்கும், ஸ்கேன் தேவையில்லை. மாற்றம் எதுவும் அகப்படவில்லை என்றால் இப்படிக் கழித்துவிட முடியாது. இரண்டு பக்கமும் கட்டி வந்த குழந்தை என்றால், ரத்தம் சுத்தமாக இருந்தாலும் சிறுநீரகத்தில் மொசாயிக் இருக்கக்கூடும் என்று கருதியே அந்தக் குழந்தையைத் தொடர்ந்து கண்காணிப்பார்கள். அறுவையின்போது கட்டியோடு சேர்த்து, பக்கத்திலுள்ள இயல்பான திசுவிலும் கொஞ்சம் எடுத்துப் பத்திரப்படுத்தினால் பின்னால் சோதித்துப் பார்க்கலாம். அதைச் செய்வார்களா என்று அறுவைக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும்.